இடது காலுக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை

வாசகி எழுதியது: எனக்கு 53 வயது. 26 வருடமாக மேனுவல் கார் ஓட்டுகிறேன். ஒரு வருடமாக இடது முழங்காலில் வலி. நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வீடு சேரும்போது கால் மரத்துப்போகிறது. ஆட்டோமேட்டிக்குக்கு மாறச் சொல்கிறார் டாக்டர். ‘ஆன்லைனிலேயே பழைய கார் ஒன்றைப் பார்த்து வாங்கிவிடலாம், வாசலுக்கே கொண்டுவந்து தருவார்கள்’ என்று என் மகன் நான்கு கார்களைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டான். எனக்கு இரண்டு பயம். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவேனோ? தொட்டுப் பார்க்காமல் இவ்வளவு பணம் போடலாமா? ஆட்டோமேட்டிக்கிலும் பல வகை உண்டாமே, எதை எடுப்பது? இதற்குப் பழகினால் மேனுவல் மறந்துபோகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் எடுத்து வைத்திருக்கும் அந்த நான்கு கார்களையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் ஏதாவது ஓர் ஆட்டோமேட்டிக் காரைப் பத்து மணி நேரமாவது ஓட்டிப் பழகுங்கள். உறவினர் காரோ, வாடகைக் காரோ, பயிற்சிப் பள்ளிக் காரோ, எதுவானாலும் சரி. அதற்கப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

காரணம் இருக்கிறது. நீங்கள் யாருடைய மேனுவல் காரில் ஏறினாலும் நூறு மீட்டர் போவதற்குள் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறதா என்று உங்கள் கைகாலுக்குத் தெரிந்துவிடும். 26 வருடப் பழக்கம் அது. ஆட்டோமேட்டிக்கில் அந்த அளவுகோல் உங்களிடம் இன்னும் இல்லை. வாசலில் வந்து இறங்கும் கார் புறப்படும்போது அதிர்ந்தால், ‘ஆட்டோமேட்டிக் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது’ என்று ஏற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் பயிற்சி கொடுக்க வருவதற்கு முன்னால் பல வருடம் பட்டறையில் கியர்பாக்ஸ் வேலை பார்த்தவன் நான். இப்போதும் பழைய கார் வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆன்லைனில் கார் வாங்கிய ஒருவர், நான்கு மாதம் கழித்து, ஏசி சரியாகக் குளிரவில்லை என்று வண்டியைக் காட்ட வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனேன். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் கல் பரப்பிய பாதையில் வண்டி போவதுபோல உடம்பெல்லாம் கிடுகிடுத்தது. ‘இது எப்போதிலிருந்து?’ என்று கேட்டேன். ‘வந்த நாளிலிருந்தே இப்படித்தான் சார், ஆட்டோமேட்டிக் இல்லையா?’ என்றார். திருப்பிக் கொடுக்க அவருக்கு இருந்த அவகாசம் 7 நாள். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய கோளாறு அது. ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் எப்படி நகரும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியாததால் அத்தனை பணம் போயிற்று. இதனால்தான் உங்கள் இரண்டு பயங்களையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

சரி, முதலில் கால்.

மேனுவலிலிருந்து மாறுகிற எல்லோருக்கும் சிக்கல் தருவது இடது கால்தான். அது இத்தனை வருடம் கற்றது ஒரே வேலை: ஒரே அமுக்காகத் தரைவரை அமுக்கி, பிறகு மெதுவாக விடுவது. பிரேக்குக்கு வேண்டியது இதற்கு நேரெதிர். மெல்ல ஆரம்பித்து, தேவைக்கேற்ப அழுத்த வேண்டும். உங்களைப் போலவே பல வருடம் ஓட்டிய ஒருவருக்குக் காலி மைதானத்தில் முதல் பாடம் எடுத்தேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ‘நிறுத்துங்கள்’ என்றதும் அவருடைய இடது கால் தானாக எழுந்தது, கிளட்ச் இருக்கும் என்று நினைத்த இடத்தில் அகலமான பிரேக் பெடலை முழுப் பலத்தோடு மிதித்தது. அவருடைய கண்ணாடி கழன்று டேஷ்போர்டில் போய் விழுந்தது. பின்னால் ஒரு வண்டி வந்திருந்தால் அது எங்கள் மேல் ஏறியிருக்கும்.

அதனால் இடது காலுக்கு வேலையே கிடையாது என்பதை முதல் நாளே உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் கால் வைத்துக்கொள்ள ஒரு மேடை இருக்கும். அங்கே வையுங்கள். முதல் சில நாள் அந்தக் காலைச் சற்றுப் பின்னால் மடக்கி சீட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவசரத்தில் எழுந்தாலும் பெடலை எட்டாது. வலி உள்ள முழங்காலுக்கு அந்த மடக்கு ஒத்துவந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

வலது காலுக்கு ஒரு பயிற்சி உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். குதிகாலைப் பிரேக் பெடலுக்கு நேர் கீழே தரையில் ஊன்றுங்கள். குதிகால் அசையாமல் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வலது பக்கம் திருப்பி ஆக்ஸிலரேட்டரைத் தொடுங்கள், மறுபடி பிரேக்குக்கு வாருங்கள். கண்ணால் பார்க்காமல் ஐம்பது முறை. பாதம் சிறியதாக இருந்து குதிகாலை எடுக்க வேண்டி வந்தால் பரவாயில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நேரமெல்லாம் கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். தளர்ந்த செருப்போடு ஓட்டாதீர்கள்.

தவறான பெடலை மிதிக்கும் பயம் நியாயமான பயம். அதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற ஆட்டோமேட்டிக் கார் தானாகவே பாய்கிறது என்று பெரிய புகார் கிளம்பியது. அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இப்படித் திடீரெனப் பாய்ந்த கார்களை ஆராய்ந்து 1989-இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருந்தார் என்பதுதான் அதன் முடிவு. அவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. கால் பிரேக்கின் மேல் இருக்கிறது என்று உடம்பு நம்பிவிட்டால், வண்டி பாயப் பாய இன்னும் அழுத்தத்தான் தோன்றும். இப்படி நடப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இல்லை, நின்ற இடத்திலிருந்து கியர் போட்டுக் கிளம்பும்போதுதான். இன்று பிரேக்கை மிதிக்காமல், நிறுத்தி வைக்கும் ‘பி’ நிலையிலிருந்து லீவரை நகர்த்த முடியாதபடி கார்கள் வருவதற்கு அந்தக் கால அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

இதில் மேனுவல் ஓட்டியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேனுவலில் பதற்றம் வந்தால் இரண்டு காலும் சேர்ந்து இறங்கும். வலது கால் தவறான பெடலில் இருந்தாலும், இடது கால் கிளட்சை அமுக்கியதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் கத்துமே தவிர வண்டி பாயாது. எத்தனையோ முறை உங்களுக்கே தெரியாமல் கிளட்ச் உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காவல் இல்லை. அதனால் புதிதாக ஒன்றைப் பழக வேண்டும்: நீங்கள் எதிர்பார்க்காத விதத்தில் வண்டி நகர்ந்தால் இன்னும் அழுத்தாதீர்கள், காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு பிரேக்கைத் தேடி மிதியுங்கள். இதைக் காலி இடத்தில் வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

என் மாணவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ஆக்ஸிலரேட்டரையே நான் கொடுப்பதில்லை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள், முன்னால் போகும் ‘டி’ நிலையைப் போட்டுப் பிரேக்கை விட்டாலே நடை வேகத்தில் ஊர்ந்து நகரும். அந்த ஊர்தலை வைத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றுங்கள், ரிவர்ஸ் எடுங்கள், இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்துங்கள். எல்லாம் பிரேக்கை விடுவதாலும் பிடிப்பதாலும் மட்டும். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் செய்த வேலையை இதில் பிரேக் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் இடங்களில் இதே வழக்கத்தை வைத்துக்கொண்டால் நீங்கள் பயப்படுகிற விபத்துக்கு இடமே இருக்காது.

லீவரில் நினைவு வைக்க அதிகம் இல்லை. ‘பி’ நிறுத்தி வைக்க, ‘ஆர்’ பின்னால் போக, ‘என்’ நியூட்ரல், ‘டி’ முன்னால் போக. ஒரு காலத்தில் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் ரிவர்ஸ் கடைசியில், முன்னே போகும் கியருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்று பிறகு அங்கே பாதுகாப்பு விதியே வந்தது. அந்த விதியின் நியாயத்தை நீங்களும் காப்பாற்றுங்கள். வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் ‘ஆர்’-இலிருந்து ‘டி’-க்கோ, ‘டி’-யிலிருந்து ‘ஆர்’-க்கோ மாற்ற வேண்டும். பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ‘டி’ போடுவது கியர்பாக்ஸின் ஆயுளைத் தின்னும். சிக்னலில் கொஞ்ச நேரம் நிற்க நியூட்ரல் வேண்டாம், ‘டி’-யிலேயே பிரேக்கைப் பிடித்திருங்கள்.

சரிவில் நிறுத்தும்போது பலரும் நேராக ‘பி’ போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ‘பி’ என்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளும் சின்ன இரும்புக் கொக்கி, அவ்வளவுதான். வண்டியின் எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்தால், மறுநாள் ‘பி’-யிலிருந்து எடுக்கும்போது ‘டக்’ என்று ஓர் அடி விழும். பிரேக்கைப் பிடித்தபடியே ‘என்’ போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், கால் பிரேக்கை லேசாக விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். மறுபடி மிதித்து ‘பி’ போடுங்கள். நான்கு நொடி வேலை.

நீண்ட இறக்கத்தில் மேனுவலில் இரண்டாவது கியருக்கு வருவீர்கள் அல்லவா? இதிலும் அதற்கு வழி உண்டு. ‘எல்’, ‘2’, ‘எம்’, ‘பி’ (இது ஆங்கில B, நிறுத்தி வைக்கும் P இல்லை) என்று காருக்குக் கார் எழுத்து மாறும், கையேட்டைப் பார்த்து உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இருந்தால் அதை மேனுவலோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று, பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வசதி பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கிடையாது. பழுதாகி நின்றால் எஞ்சின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் சுற்றாது, பல்சக்கரங்கள் காய்ந்து தேயும்.

அடுத்து வகைகள். ஆட்டோமேட்டிக் புதிய தொழில்நுட்பம், நம்ப முடியுமா என்று சிலர் தயங்குவார்கள். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் முழு ஆட்டோமேட்டிக் கியர் வந்துவிட்டது. அந்த வழியில் வந்ததுதான் டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு விசிறி, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விசிறி, நடுவில் எண்ணெய். ஒன்று சுழன்றால் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றும். நெரிசலில் நாள் முழுக்க நின்று நின்று போனாலும் தேய்வதற்கு அங்கே அதிகம் இல்லை. சிவிடி-யில் குறிப்பிட்ட கியர்களே கிடையாது. விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் ஒரு பட்டையும்தான். 1958-இல் டாஃப் என்ற டச்சு நிறுவனம் சிறிய கார்களில் இதைக் கொண்டுவந்தது. கியர் மாறும் அசைவே தெரியாது. வேகமாக மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வண்டி பின்னால் ஏறும். அது கோளாறு இல்லை.

ஏஎம்டி வேறு மாதிரி. அது உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஓர் இயந்திரம் செய்கிறது. விலை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை லேசாக முன்னால் போய் வரும். மாறப்போகிறது என்று தெரியும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அது குறையும், மேனுவல் ஓட்டிய உங்களுக்கு அந்த நேரம் இயல்பாகவே பிடிபடும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது மட்டும் கூடாது. உள்ளே கிளட்ச் தட்டு கருகும். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும், அதிலும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடாகும். மின்சாரக் காரில் பெரும்பாலும் கியர் மாற்றமே இல்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே பலமாக வேகம் குறையும் ஒற்றைப் பெடல் முறையை ஆரம்பத்தில் அணைத்து வையுங்கள். பிரேக்குக்குக் கால் போகும் பழக்கம் உறுதியான பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஓட்டம் நெரிசலில், வாங்கப்போவதோ பழைய கார், வலியும் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தால் டார்க் கன்வெர்ட்டர், அது கிடைக்காவிட்டால் எண்ணெய் மாற்றிய ரசீதுகள் உள்ள சிவிடி. மகன் எடுத்து வைத்த நான்கில் எது எந்த வகை என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். வகையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சிக்கு எடுக்கும் காரும் அதே வகையாக இருந்தால் மிகவும் நல்லது.

இனி ஆன்லைன். தொட்டுப் பார்க்காமல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேடுவதும் ஒப்பிடுவதும் பேரம் பேசுவதும் ஆன்லைனில் தாராளமாக நடக்கலாம். பணம் முழுவதும் கைமாறுவதற்குள் நீங்களோ, உங்களுக்காக ஒரு மெக்கானிக்கோ அந்த வண்டியைத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

படங்களைப் பார்க்கும்போது இல்லாத படம் எது என்று தேடுங்கள். முப்பது படம் போட்டிருப்பார்கள், அதில் இடது பின் கதவு மட்டும் இருக்காது. அல்லது எல்லாப் படமும் ஈரமான வண்டியாக இருக்கும். ஈரம் கீறலையும் பெயிண்ட் வித்தியாசத்தையும் மறைத்துவிடும். வெயிலில் எடுத்த படம் கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பரை அருகில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக்கில் நெரிசலில் அந்தப் பெடல்தான் அதிகம் உழைக்கும். மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டி, ரப்பரில் வரிகளே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் இரண்டில் ஒன்று பொய். ஓட்டுநர் சீட்டின் வெளி விளிம்பும் ஸ்டியரிங்கின் மேல்பகுதியும் இதே கதையைச் சொல்லும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரும் வெவ்வேறு வயதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி விற்கிறவர்கள் உள்ளே எல்லாவற்றையும் துடைப்பார்கள், சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் அடியில் உள்ள சேற்றுக் கறையை மறந்துவிடுவார்கள்.

வண்டியின் அடையாள எண் 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழேயோ கதவுத் தூணிலோ சேஸிஸிலோ பொறித்திருப்பார்கள். பத்திரத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த எண்ணில் வரவே வராது. வந்திருந்தால் தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் அதைவிட மோசமான ஏதோ ஒன்று. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, பத்திரத்தில் இருக்கும் பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்பதையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருப்பார்.

வீடியோ அழைப்பில் ஒன்றைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானெட் மேல் கை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கும் சந்தேகத்துக்குரியதுதான். பிறகு பிரேக்கைப் பிடித்து ‘பி’-யிலிருந்து ‘ஆர்’. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் கியர் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு என்று போனாலோ, ‘டம்’ என்று அடித்துக்கொண்டு விழுந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எஞ்சின் பழுதைவிட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுது பல நேரம் அதிகம் செலவு வைக்கும்.

முன்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறவர்களிடம் கவனமாக இருங்கள். ‘இன்னொருவர் இன்று மாலை வருகிறார்’ என்றால் வரட்டும். விற்பவரே அனுப்பும் சுட்டியில் போய்ப் பணம் கட்டாதீர்கள். பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருந்து வண்டி கைக்கு வந்ததும் விடுவிக்கும் சேவை என்று அதற்குப் பெயர் சொன்னாலும் சரி. சந்தை விலையைவிட மிகவும் குறைவு, விற்பவர் வெளியூரில் இருக்கிறார், வண்டியைக் காட்ட ஆள் இல்லை, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அங்கே வண்டியே இருக்காது.

மெக்கானிக் போகும்போது எஞ்சின் கணினியோடு நிறுத்தாமல் கியர்பாக்ஸ் கணினியையும் ஸ்கேனரில் படிக்கச் சொல்லுங்கள். கியர் எண்ணெயை எடுத்து முகரச் சொல்லுங்கள். கருகிய வாடை அடித்தால் உள்ளே எரிந்திருக்கிறது. ‘இந்த மாடலுக்கு வாழ்நாள் முழுதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை’ என்று விற்பவர் சொல்லலாம். நான் பட்டறையில் திறந்து பார்த்த கியர்பாக்ஸ்களை வைத்துச் சொல்கிறேன், அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. மாற்றிய ரசீது இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

வண்டி வருவதற்கு முன் அதே மாடலை எங்காவது ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். சீட் எவ்வளவு உயரம், ஏறி இறங்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முன் தூண் உங்கள் பார்வையை எங்கே மறைக்கிறது என்பதைத் திரை சொல்லாது. கிளட்ச் வலியிலிருந்து தப்பி, தாழ்ந்த சீட்டிலிருந்து எழும் வலியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

டெலிவரி பகலில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, எண்ணெய் சூடானதும் நழுவுகிற கியர்பாக்ஸ்கள் உண்டு. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அதுதான். சிவிடி-யின் இயல்பான சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், முன்னாலேயே பத்து மணி நேரம் பழகியிருந்தால் உங்களுக்கே தெரியும். ஓர் ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்புங்கள், ரிவர்ஸிலும் ஏற்றுங்கள். வீடு வந்து நிறுத்திய பிறகு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, மறுநாள் காலையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை வாங்குவதற்கு முன்பே படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் தொலைவிலிருந்து வாங்கும் பொருளைத் திருப்ப 14 நாள் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை, பல இடங்களில் விற்பவர் எழுதிக் கொடுத்ததுதான் கணக்கு. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை, பணமாகத் தருவார்களா அல்லது வேறு கார்தான் தருவார்களா, திரும்பக் கொண்டுபோகும் செலவு யாருடையது என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கினால் இந்த அவகாசம் பெரும்பாலும் இருக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் 7 நாள் என்றால் முதல் இரண்டு நாளிலேயே உங்கள் வழக்கமான பாதையில், வழக்கமான நெரிசலில் ஓட்டிவிடுங்கள். மூன்றாம் நாள் மெக்கானிக்கிடம் மறுபடி ஒரு முறை காட்டுங்கள்.

கடைசியாக, மேனுவல் மறந்துபோகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. பத்து வருடம் கழித்து உட்கார்ந்தாலும் கை தானாகக் கியரைத் தேடும். சில நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் தேர்வு கொடுத்தவர்கள் மேனுவல் ஓட்ட மறுபடி ஓட்டுநர் தேர்வு கொடுக்க வேண்டும். மேனுவலில் உரிமம் வாங்கிய உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஒன்றே ஒன்று நடக்கும். என்றாவது மகனுடைய மேனுவல் காரை எடுத்தால், முதல் சிக்னலில் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்துவீர்கள், கிளட்சை மிதிக்க மறந்து எஞ்சின் அணைந்துவிடும். இரண்டாவது சிக்னலில் சரியாகிவிடும்.

பத்து மணி நேரம் ஓட்டி முடித்ததும், அந்த நான்கில் எதெல்லாம் மிஞ்சியது, வலது கால் எப்படிப் பழகியது என்று எழுதுங்கள். வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.